விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

(பதுளைப் பக்கத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், தோட்ட சுகாதார உத்தியோகத்தர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு, வீட்டு அடுப்பைக்கூட மூட்டாமல் இங்கே வந்திருக்கிற அக்காமார், தங்கச்சிமார், பெரியம்மாமார் எல்லாருக்கும் முதலில் நன்றி. வாசல்ல நிற்கிற அண்ணன்மாரும் தம்பிமாரும் கொஞ்சம் உள்ளுக்கு வந்து உட்காருங்க. பிள்ளை விஷயம் பொம்பளைங்க விஷயம் என்று நினைக்காதீங்க. இன்றைக்குப் பேசப்போறது முக்கியமாக உங்களுக்கும்தான்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கடுமையாகச் சுகமில்லாமல் போனால் எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும், எப்படிப் போக வேண்டும், போய் என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நேரம் எங்கே போகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது யாருடைய கதையும் இல்லை. ஆனால் எந்த லயத்துக்கும் பொருந்தும்.

பின்னேரம் ஐந்து மணிக்கு, ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சலோடு மூச்சு வாங்குது. அம்மா பார்க்கிறா. பயமாக இருக்குது. "அவர் வரட்டும், கேட்டுட்டுப் போவோம்" என்று இருக்கிறா. அவர் டவுன் வேலை முடிந்து எட்டு மணிக்கு வாறார். பாட்டி "இது மாந்தம், திருநீறு போட்டால் சரியாகும்" என்கிறா. சாமி பார்க்கிறவரைக் கூட்டிவந்து நூல் கட்டி முடிய பத்து மணி. அப்புறம் ஆட்டோவுக்குக் காசு இல்லை. சம்பளம் பத்தாம் தேதிதான். "சரி, விடியட்டும்." விடிந்ததும் பிரட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, டிஸ்பென்சரி திறக்கும் மட்டும் வாசலில் நிற்கிறாங்க. எட்டு மணிக்கு ஐயா பார்த்த உடனே "தூக்கிட்டு ஓடுங்க" என்கிறார். ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி.

மொத்தம் பதினாறரை மணித்தியாலம். அதில் ரோட்டில் போனது ஒன்றரை மணித்தியாலம். மிச்சம் பதினைந்தும் லயத்துக்குள்ளேயும் டிஸ்பென்சரி வாசலிலேயும் போயிருக்குது. யாரும் கெட்ட மனசோடு அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொருவரும் நல்லதை நினைத்துத்தான் "கொஞ்சம் பொறு" என்று சொன்னாங்க. அந்தக் கொஞ்சம் கொஞ்சம்தான் ஒரு முழு ராத்திரியாகிவிட்டது.

ஏழை நாடுகளில் பிரசவத்தில் தாய்மார் ஏன் சாகிறார்கள் என்று செரீன் தாடியஸ், டெபோரா மெயின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994இல் எழுதினார்கள். அவர்கள் சொன்னது மூன்று தாமதம். போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற தாமதம் ஒன்று. வழியில் ஆகிற தாமதம் இரண்டு. ஆஸ்பத்திரிக்குப் போன பிறகும் வைத்தியம் கிடைக்க ஆகிற தாமதம் மூன்று. பிள்ளைக்கும் இதே மூன்றுதான். இதில் முதலாவது தாமதத்தை ஒழிக்க அரசாங்கமும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். அது நம்ம கையில் இருக்குது.

எந்த அடையாளத்தைக் கண்டால் உடனே தூக்க வேண்டும்?

எல்லாக் காய்ச்சலுக்கும் ராத்திரியில் ஓட வேண்டியதில்லை. காய்ச்சல் இருந்தாலும் பிள்ளை சிரிக்குது, தண்ணி குடிக்குது, விளையாடுது என்றால் காலையில் காட்டலாம். ஆனால் கீழே சொல்கிற அடையாளத்தில் ஒன்றைக் கண்டாலும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

பால் குடிக்க, தண்ணி குடிக்க முடியவில்லை. குடிக்கிறதையெல்லாம் வாந்தி எடுக்குது. வலிப்பு வந்திருக்குது. கூப்பிட்டால் கண் திறக்காமல் துவண்டு கிடக்குது. இந்த நாலும் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாட்டுக்கும் சொல்லிக்கொடுக்கிற பொதுவான ஆபத்து அடையாளங்கள்.

அடுத்தது மூச்சு. நம்ம பக்கம் குளிர். லயன் காம்பராவுக்குள்ளே விறகுப் புகை வேறு. சளிக் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகிறது சுலபம். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, போனில் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு, வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குது என்று எண்ணுங்க. இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது மேல் என்றால் அது வேகமான மூச்சு. அன்றைக்கே காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளுக்குக் குழி விழுந்தால், அல்லது உதடு நீலம் பாய்ந்தால், ஒரு நிமிஷமும் பொறுக்கக் கூடாது.

மூன்று மாதம் நிறையாத பச்சைப் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அதுவே அவசரம். வேறு அடையாளம் தேட வேண்டாம்.

வயிற்றால் போகும்போது கண் குழி விழுந்து, வாய் வறண்டு, ஆறு மணித்தியாலமாக மூத்திரம் போகாமல் இருந்தால் அவசரம். வயிற்றுத் தோலை மெதுவாகக் கிள்ளி விட்டால் உடனே திரும்பாமல் மடிப்பு நிற்கும். அதுவும் நீர் வற்றின அடையாளம். மலத்தில் ரத்தம் கண்டாலும் போக வேண்டும்.

டெங்கு பற்றித் தனியாகச் சொல்லணும். 2017இல் நம்ம நாட்டில் 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு பதிவானது. டெங்கு ஒரு விஷயத்தில் நம்மை ஏமாற்றும். மூன்றாம் நாள், நாலாம் நாள், ஐந்தாம் நாளில் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லாரும் "அப்பாடா, விட்டுடுச்சு" என்பாங்க. ஆபத்து தொடங்குறதே அந்த நேரத்தில்தான். காய்ச்சல் இறங்கியும் பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிறு வலிக்குது என்றால், கை கால் சில்லிட்டால், மூத்திரம் குறைந்தால், பல் ஈறில் ரத்தம் கண்டால் உடனே தூக்குங்க. காய்ச்சல் மூன்றாம் நாளும் இருந்தால் ரத்தம் சோதிக்கக் கேளுங்க.

போகிற வரைக்கும் வீட்டில் என்ன செய்வது?

காய்ச்சலுக்கு பரசிட்டமோல் மட்டும் கொடுக்கலாம். பிள்ளையின் எடைக்கு ஐயா எழுதிக்கொடுத்த அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் இல்லாமல். அஸ்பிரின், புருஃபன் கொடுக்க வேண்டாம்; டெங்கு என்றால் அது ரத்தக் கசிவைக் கூட்டும். பக்கத்துக் காம்பராவில் மிச்சம் இருந்த மருந்தை வாங்கிக் கொடுக்கிற பழக்கத்தையும் விடணும்.

வயிற்றால் போனால் ஜீவனி. ஒரு பக்கட்டுக்குக் கொதித்து ஆறின தண்ணி சரியாக ஒரு லீட்டர். அரைப் பக்கட், கால் பக்கட் என்று கண் மட்டத்துக்குக் கலக்க வேண்டாம். ஒவ்வொரு தடவை போன பிறகும், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லி லீட்டர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, கரண்டியால் மெதுவாக. கலந்தது 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவும் கூடாது.

"இந்த உப்புத் தண்ணியில் என்ன இருக்கு?" என்று சிலர் கேட்கிறாங்க. 1971இல் பங்களாதேஷ் யுத்தத்தின்போது, மேற்கு வங்காளத்தில் பொங்காவ் என்ற இடத்து அகதி முகாமில் காலரா பரவியது. சேலைன் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மஹாலனபிஸ் என்பவர் உப்பும் குளுக்கோஸும் சோடாவும் அளவாகக் கலந்த தண்ணியைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர் கையாலேயே குடிக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது வரை போன சாவு, நாலுக்கும் கீழே இறங்கியது. அங்கே அத்தனை உயிரையும் பிடித்து வைத்தது தாய்மார் கையிலிருந்த கோப்பைதான். நம்ம ஜீவனி பக்கட்டும் அந்த வழியில் வந்ததுதான்.

வலிப்பு வந்தால் பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வையுங்க. வாய்க்குள் கரண்டி, விரல், தண்ணி எதுவும் போடாதீங்க. கையில் இரும்புச் சாவி கொடுக்கிறதால் வலிப்பு நிற்காது. எத்தனை நிமிஷம் வந்தது என்று நேரத்தைப் பாருங்க. ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் உயிராபத்து. நின்றாலும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆகணும்.

மண்ணெண்ணெய், புல்லுக்கு அடிக்கிற மருந்து குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. அந்தப் போத்தலையும் கையோடு கொண்டு போங்க. சுடுதண்ணி கொட்டினால் 20 நிமிஷம் ஓடுகிற குளிர்ந்த தண்ணியில் பிடித்து, சுத்தமான துணியால் மூடிக் கொண்டு போங்க. பற்பசை, தேயிலைச் சாயம், முட்டை எதுவும் பூசாதீங்க.

கொத்தமல்லித் தண்ணி கொடுக்கிறதை நான் தப்பென்று சொல்லவில்லை. திருநீறு போடுறதையும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே நெற்றியில் போட்டுவிடலாம். சாமி கோவிச்சுக்காது. ஆனால் அதற்காக ஒரு மணித்தியாலம் காத்திருக்கக் கூடாது.

எப்படிப் போவது?

துரையிடம் துண்டு வாங்கினால்தான் ஆஸ்பத்திரி என்பது பாட்டன் பாட்டி காலத்துப் பேச்சு. இன்றைக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக ஐயாவின் கடிதம் தேவையில்லை. பிரட்டில் சொல்லிட்டுப் போக வேண்டியதும் இல்லை, பிறகு சொல்லிக்கொள்ளலாம். அடையாள அட்டை மறந்துவிட்டது என்று திரும்பி வரத் தேவையில்லை. வைத்தியத்துக்குக் காசும் இல்லை. ஒரு நாள் பேர் போய்விடும் என்கிற கவலை எனக்கும் விளங்குது. அந்தப் பேரை அடுத்த வாரம் எடுக்கலாம்.

1990 என்ற நம்பரை எல்லாரும் மனப்பாடம் செய்யுங்க. இது சுவசெரிய இலவச ஆம்புலன்ஸ். இந்திய அரசாங்கத்தின் உதவியோடு 2016 ஜூலையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு நாடு முழுக்க விரிந்தது. 24 மணித்தியாலமும் இருக்குது. தமிழிலும் பேசலாம். போன் எடுத்ததும் பதற்றத்தில் அழாமல் இந்த வரிசையில் சொல்லுங்க: பிள்ளையின் வயது, என்ன அடையாளம், தோட்டத்தின் பேர், டிவிசன், லய நம்பர், பக்கத்தில் தெரிகிற கோயில் அல்லது ஸ்டோர். அவர்களாக வைக்கும் வரை போனை வைக்காதீங்க.

நம்ம மேல் டிவிசன் பாதையில் எல்லா வண்டியும் ஏறாது. அதனால் மெயின் ரோட்டுச் சந்தி வரை யார் வண்டியில் கொண்டுவருவது, ஒருவர் டோர்ச்சோடு சந்தியில் யார் நிற்பது என்பதை இன்றைக்கே பேசி வையுங்க. இரண்டு ஆட்டோக்காரர் நம்பரும், தோட்ட லொறி டிரைவர் நம்பரும் பிள்ளைக் காம்பரா சுவரிலும் ஒவ்வொரு லயத்திலும் பெரிதாக எழுதி இருக்கணும். சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரியணும்.

மழைக் காலத்துக்குத் தனி யோசனை வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் எத்தனை பாதை மண்சரிவில் அடைபட்டது என்பதை நீங்களே பார்த்தீங்க. மண்சரிவு எச்சரிக்கை சொன்ன நாளில் பிள்ளைக்கு லேசாகச் சுகமில்லை என்றாலும், மற்ற நாளில் காத்திருக்கிற அளவுக்குக் காத்திருக்காதீங்க. பாதை திறந்திருக்கும்போதே டவுனுக்கு இறங்கிவிடுங்க.

"நேராகப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கே போவோம்" என்று சிலர் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போறாங்க. மூச்சுத் திணறுகிற பிள்ளையோடு அப்படிச் செய்ய வேண்டாம். பசறையோ லுணுகலையோ ஹப்புத்தளையோ, எது கிட்டவோ அங்கே முதலில் போங்க. அங்கே ஒக்சிஜன் கொடுத்து, சேலைன் ஏற்றி, தேவை என்றால் அவங்களே ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. அப்படிப் போகிற பிள்ளைக்கு வழியிலும் வைத்தியம் இருக்கும்.

போய் என்ன சொல்வது?

கையோடு எடுக்க வேண்டியது: கிளினிக் கொப்பி, கொடுத்த மருந்துப் போத்தல், இரண்டு துணி. கிளினிக் கொப்பியில் எடையும் ஊசியும் எழுதியிருக்கும். டாக்டருக்கு அது பெரிய உதவி.

ஆபத்து அடையாளம் உள்ள பிள்ளையோடு வெளிநோயாளர் வரிசையில் நிற்க வேண்டாம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்க. அங்கே வந்த வரிசைப்படி பார்க்க மாட்டாங்க. யாருக்கு ஆபத்து கூடவோ அவரைத்தான் முதலில் பார்ப்பாங்க. உங்களுக்குப் பிறகு வந்த பிள்ளையை முதலில் எடுத்தால் கோபப்படாதீங்க. ஆனால் காத்திருக்கும்போது உங்க பிள்ளைக்கு மோசமானால் சும்மா உட்கார்ந்திருக்கவும் கூடாது. எழும்பிப் போய் நர்ஸிடம் சொல்லணும். கும்பிட்டுக்கொண்டு மூலையில் நிற்கிற பழக்கம் அங்கே உதவாது.

தமிழும் நம்ம நாட்டின் அரசகரும மொழி. 1987இல் வந்த 13ஆம் திருத்தம் அதைச் சொல்லுது. தமிழில் பேச உங்களுக்கு உரிமை இருக்குது. ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே தமிழ் தெரிந்தவர் இல்லாமல் போகலாம். உங்களில் பல பேருக்கு சிங்களம் வரும். ஆனால் பிள்ளை கையில் துவளும்போது தெரிந்த பாஷையும் மறந்துபோகும். அதனால் இந்த வார்த்தைகளை இப்போதே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்க.

அவசரம்: ஹதிசி.
மூச்சு எடுக்கக் கஷ்டம்: ஹுஸ்ம கன்ன அமாருயி.
காய்ச்சல் மூன்று நாள்: உண தவஸ் துனக்.
வலிப்பு வந்தது: வலிப்புவ ஹெதுனா.
வாந்தி எடுக்குது: வமனே தானவா.
வயிற்றால் போகுது: பாச்சனய.
பால் குடிக்குதில்லை: கிரி பொன்னே நே.
மூத்திரம் போகுதில்லை: ச்சூ கரன்னே நே.

டாக்டர் கேட்கிறதுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. எப்போது தொடங்கியது, என்ன மருந்து கொடுத்தீங்க, கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது மூத்திரம் போனது. நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஏசினால் ஏசட்டும். ஏச்சுக்குப் பயந்து மறைத்தால் பிள்ளைக்குத்தான் கஷ்டம்.

வார்ட்டில் நிற்கச் சொன்னால் நில்லுங்க. "வீட்டில் மற்றப் பிள்ளைங்க தனியாக இருக்கு" என்று பாதியில் டிக்கட் வெட்டச் சொல்லாதீங்க. அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதுதான் லயத்துக்காரரின் பொறுப்பு. சாவு வீட்டுக்கு எல்லாரும் சோறு சமைத்துக் கொடுக்கிறோம். அந்த மனசைக் கொஞ்சம் முன்னுக்கே காட்டினால் எத்தனையோ சாவைத் தடுக்கலாம். வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று கேள்வி கேளுங்க: என்ன வருத்தம்? இந்த மருந்தை எப்படிக் கொடுக்கணும்? எந்த அடையாளம் கண்டால் திரும்ப வரணும்?

இன்றைக்கு ராத்திரி பேச வேண்டியது

கடைசியாக அண்ணன்மாருக்கும் மாமியார்மாருக்கும் ஒரு வேண்டுகோள். முதலில் போட்ட கணக்கில் அந்த அம்மாவுக்கு ஐந்து மணிக்கே தெரிந்துவிட்டது. அவவுக்கு இல்லாமல் போனது "போ" என்ற ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை வருத்தம் வந்த பிறகு தேடக் கூடாது. இன்றைக்கே கொடுத்து வைக்கணும். "நான் வீட்டில் இல்லாவிட்டாலும், ஆபத்து அடையாளம் ஒன்றைக் கண்டால் நீ கேட்காமல் தூக்கிட்டுப் போ. காசு, சண்டை எல்லாம் பிறகு பார்ப்போம்" என்று இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது சொல்லிவிடுங்க. அம்மா மலையில் இருக்கும்போது பிள்ளைக் காம்பரா ஆயாம்மாவுக்கும், பாட்டிக்கும், பெரிய அக்காவுக்கும் அதே உத்தரவு இருக்கட்டும். பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறாங்களோ, முடிவு அவங்களுடையது.

ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை, சாதாரணச் சளி" என்று திருப்பி அனுப்பினால் "வீணாகக் காசைச் செலவழித்தாய்" என்று யாரும் அவளைப் பேசக் கூடாது. ஒருமுறை அப்படிப் பேசினால், அடுத்த முறை அவள் உண்மையான ஆபத்திலும் விடியும்வரை காத்திருப்பாள்.

கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் அந்த நம்பர்களை எழுதித் தாறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு போங்க.